மூணாந் தண்ணி

கொம்பையா செத்துப்போன விஷயம் தொட்டித் தெருவில் நண்டு சிண்டு வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டே பேருக்குத்தான் தெரியாது. ஒன்று, அவன் பெண்டாட்டி உலகம்மாள். இன்னொன்று, கொம்பையா.

தொட்டித் தெரு என்பது பேருக்குத்தான். தெருமுனையில் நிற்கிற சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் கிடந்து கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இப்போது இல்லை. அதற்குள் ஆடு படுத்திருக்கும், சீட்டாடுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், தேர்தல் வந்தால் அதன்மேல் சுண்ணாம்பு அடித்துச் சின்னம் வரைவார்கள். வெயில் காலத்தில் நகராட்சிக் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்றுதான் வரும். பத்து நாளைக்கு ஒருதரம் அருணாசலம் அண்ணாச்சியின் தண்ணி லாரி வந்து முக்கில் நின்று ஹாரன் அடித்தால்தான் அந்தத் தெருவில் உலை ஏறும், துணி நனையும், பிள்ளைகள் தலையில் தண்ணீர் படும். அந்த லாரியை ஓட்டியவன் கொம்பையா. ஆள் நல்ல உயரம், நல்ல குரல், நாற்பத்தாறு வயதுக்கு ஒரு நரை கிடையாது. பாம்புக்குப் பயப்பட மாட்டான், போலீசுக்குப் பயப்பட மாட்டான், அம்மைக்கு மட்டும் அப்படிப் பயப்படுவான். சின்னப் பிள்ளையில் அவனுக்குப் போட்டதில்லை. வளர்ந்த பிறகு போட்டால் ஆளையே தூக்கிக்கொண்டு போய்விடும் என்று எவனோ சொன்னதைக் காதில் வாங்கி வைத்திருந்தான். நிலையில் வேப்பிலை தொங்குகிற வீடு என்றால், அந்த வீட்டுக் குடத்துக்கு மட்டும் ஹோஸை எட்டி நீட்டிப் பிடித்துக்கொண்டு மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். பெண்கள் பார்த்துச் சிரிப்பார்கள்.

இப்படிப்பட்டவன் வீட்டில்தான் பங்குனி மாதம் அம்மை வந்து உட்கார்ந்தது. உலகம்மாள் பால்வாடியில் ஆயா. பிள்ளை இல்லாதவள், அதனாலேயோ என்னவோ, ஊரார் பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடவும் கால் கழுவிவிடவும் அவளுக்குச் சலிப்பே வராது. முதலில் பால்வாடியில் ஒரு பிள்ளைக்குப் போட்டது, பிறகு ஏழு பிள்ளைகளுக்குப் போட்டது, பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் உலகம்மாளின் கழுத்தில் மூன்று முத்து எட்டிப் பார்த்தது. கண்ணாடியில் பார்த்தவள் அடுத்த நிமிஷம் புருஷனின் பாயைச் சுருட்டி வாசலுக்கு வெளியே எறிந்தாள்.

"நீங்க லாரி ஷெட்டுலயே படுத்துக்கிடுங்க. எனக்குத் தலைக்கு மூணு தண்ணி ஊத்தி முடியறவரைக்கும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது."

"உனக்கு யாருளா கஞ்சி காய்ச்சுவா?"

"பக்கத்து வீட்டுல கோமதியக்கா இருக்கா. அவளுக்குச் சின்னதுலயே போட்டிருச்சு, பயம் இல்ல. நீங்க நின்னு வழவழன்னு பேசிக்கிட்டு இருக்காம கெளம்புங்க, காத்துல ஒட்டிக்கிடப் போவுது."

தெருவுக்கு எதிர்ப்பக்கம் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொம்பையா கொஞ்ச நேரம் நின்றான். அம்மை வீட்டில் யாரும் போய்ட்டு வாரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அது முறை. அதனால் அவன் ஒன்றும் சொல்லாமல், தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான்.

நாலாம் நாள் விடிகாலையில் ஷெட்டைத் திறக்க வந்தவர்கள், லாரியின் முன்சீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்த கொம்பையாவை எழுப்பினார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. ஒரு கை நெஞ்சின்மேல் இருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. அவ்வளவுதான். நோய் கிடையாது, நொடி கிடையாது. எந்த அம்மைக்குப் பயந்து வீட்டைவிட்டுப் போனானோ, அந்த அம்மை அவன்மேல் ஒரு முத்துகூடப் போடவில்லை.

இப்போது கேளுங்கள், தொட்டித் தெரு செய்த காரியத்தை. அம்மை கண்ட வீட்டின் காதில் சாவுச் சேதி விழக் கூடாது. மூன்று தண்ணீர் ஊற்றி அம்மா இறங்குகிறவரை விழக் கூடாது. விழுந்தால் முத்தெல்லாம் உள்ளே திரும்பி உயிருக்கே வந்துவிடும் என்பது அந்தத் தெருவில் எல்லோரும் பால் குடித்த நாளிலிருந்து கேட்ட சங்கதி. ஷெட்டுக்கும் தெருவுக்கும் நடுவே இரண்டே சந்துதான். கொட்டு அடித்தால் கேட்கும். சங்கு ஊதினால் கேட்கும். ஒருத்தி ஒப்பாரி வைத்தால் கட்டாயம் கேட்கும். மாரியம்மன் கோயில் பூசாரி வேலப்பன் வந்தார், அருணாசலம் அண்ணாச்சி வந்தார், ஊரிலிருந்து கொம்பையாவின் அண்ணன் வந்தார், எல்லோரும் குசுகுசுவென்று பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கொட்டு இல்லாமல், சங்கு இல்லாமல், பூ எறியாமல், ஷெட்டின் பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் சேலைத் தலைப்பைப் பந்தாகச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் கொள்ளி வைத்தார். அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டே வைத்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரு மனுஷனை ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல், ஐயோ என்று ஒரு குரல் இல்லாமல் எரித்துவிட்டு வந்து குளித்தார்கள்.

மறுநாள் மத்தியானம் தெருமுக்கில் ஹாரன் கேட்டது.

பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். லாரி நின்றது. கதவைத் திறந்து கொம்பையா இறங்கினான், துண்டை உதறித் தலையில் கட்டினான், ஹோஸைத் தோளில் போட்டான். பெண்கள் நின்றார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முன்னால் நின்ற கோமதிதான் வாயைத் திறந்தாள்.

"இன்னைக்கு வீட்டுக்கு எத்தனை கொடம்ப்பா?"

"எட்டு. சண்டை போடாம வரிசையில வாங்க மதினி," என்றான் கொம்பையா.

வரிசையில் வந்தார்கள். வேறு என்ன செய்வது? செத்தவன் கொடுத்தான் என்று தண்ணீரை வேண்டாம் என்று சொல்கிற நிலைமையில் அந்தத் தெரு இல்லை. அருணாசலம் அண்ணாச்சி ஷெட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். லாரிச் சாவி ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சாயந்திரம் லாரி திரும்பி வந்ததும் டேங்கில் குச்சியை விட்டு டீசலை அளந்தார். ஒரு சொட்டுக் குறையவில்லை. குச்சியைத் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பூசாரி வேலப்பனிடம் போய்க் கேட்டார்கள். அவர் வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, "அழாம அனுப்புனீங்கள்ல, போன விஷயம் அவனுக்கே தெரியல," என்றார். "பெண்டாட்டி அழணும். அவளுக்கு மூணாந் தண்ணி ஊத்தி, சேதியைச் சொல்லி, அவ வாய்விட்டு அழுதான்னா கெளம்பிருவான். அதுவரைக்கும் அவன் காதுலயும் எதுவும் விழுந்திரக் கூடாது, பாத்துக்கிடுங்க."

அன்றைக்குத்தான் தொட்டித் தெருவுக்குத் தெரிந்தது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை சாவைப் பற்றிப் பேசுகிறோம் என்று. வெயிலில் வந்து உட்கார்ந்தால் செத்தேன் என்கிறோம், சிரித்தால் செத்துப் போனேன் என்கிறோம், பிள்ளை சோறு தின்னாவிட்டால் செத்துத் தொலை என்கிறோம், பஸ்ஸைப் பிடித்தால் செத்துப் பிழைத்தேன் என்கிறோம். எல்லாவற்றையும் வாயிலிருந்து பிடுங்கிப் போட வேண்டியிருந்தது. டீக்கடையில் கொம்பையா வந்து உட்கார்ந்தால் பேச்சு தானாகவே மழையைப் பற்றிப் போகும். கடைக்காரர் முன்போலவே ஸ்ட்ராங்காக ஒரு டீ போட்டு வைப்பார். கொம்பையா தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பான். டீ ஆடை கட்டி ஆறிப்போய் அப்படியே இருக்கும். "என்னன்னு தெரியல அண்ணாச்சி, எறங்க மாட்டேங்குது," என்பான். "வெயில் அப்படி," என்பார் கடைக்காரர்.

சாப்பாடு வேண்டாம், தூக்கம் வேண்டாம், டீசல் வேண்டாம். பத்து நாளைக்கு ஒருதரம் வந்த லாரி தினமும் வந்தது. பிறகு தினமும் இரண்டு தரம் வந்தது. எட்டுக் குடம் பன்னிரண்டாயிற்று, பன்னிரண்டு இருபதாயிற்று. தொட்டித் தெருப் பெண்கள் கல்யாணமாகி வந்த நாள்தொட்டு முதல்முறையாகச் சித்திரை வெயிலில் இரண்டு வேளை குளித்தார்கள், வாசலுக்குத் தெளித்தார்கள், ஒருத்தி முருங்கைக் கன்றுகூட வைத்தாள். தெருவின் முகமே மாறிப்போயிற்று.

இதெல்லாம் வெளியே. உள்ளே, வேப்பிலைப் பரப்பின்மேல் உலகம்மாள் கிடந்தாள். உள்ளங்காலிலிருந்து இமைவரைக்கும் முத்து. காய்ச்சல் ஏறினால் கூரை கீழே வரும், இறங்கினால் அரிப்பு வரும். ஒரு வேப்பங்கொத்தை வைத்துத் தடவிக்கொண்டே, சொறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். கோமதி காலையும் மாலையும் உப்பில்லாத கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, முறைப்படி, அவளைத் தாயி என்று கூப்பிடுவாள். அம்மை கண்டவள் வாயில் வருவது அம்மன் வாக்கு. அவள் கேட்டதைக் கொடுக்க வேண்டும், சொன்னதைத் தட்டக் கூடாது.

கொம்பையா செத்த இரண்டாம் நாள், தண்ணீர் கொடுத்து முடித்த கையோடு, சாயந்திரம் நாலு மணிக்கு அவள் ஜன்னலுக்கு வந்தான்.

"உலகு."

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். "ஐயையோ, இங்க ஏன் வந்தீங்க? தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க. ஒட்டிக்கிடும்."

"அரிக்குதா?"

"உயிரு போவுது."

கொம்பையா ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டான். விட்டு, அவளுடைய முழங்கைக்குமேல், முத்து உடைந்து நீர் கோத்திருந்த இடத்தில், உள்ளங்கையை வைத்தான். முந்நூறு அடிக்குக் கீழேயிருந்து போர்வெல்லில் முதன்முதலாக ஏறிவரும் தண்ணீரின் குளிர்ச்சி அந்தக் கையில் இருந்தது. கை பட்ட இடத்தில் அரிப்பு நின்றது. பிறகு தோளில் நின்றது, கழுத்தில் நின்றது. ஐந்து நாளாகத் தூங்காதவளுக்குக் கண் சொருகியது.

சொருகிய கண்ணோடுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. யாரும் சொல்லவில்லை. வேப்பிலையைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்புகிற மனுஷன், கட்டின பெண்டாட்டியே ஆனாலும், உயிரோடிருந்தால் அந்தக் கையை நீட்டியிருக்க மாட்டான். பதினெட்டு வருஷம் கூட இருந்தவளுக்கு இது தெரியாதா? நேற்றுக் காலையில் தெருவே வாயைப் பொத்திக்கொண்டு கிடந்ததும், டீக்கடை ரேடியோ பாடாததும், கோமதியின் கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்ததும், கேட்டதற்கு மிளகாய்க் காந்தல் என்று சொன்னதும் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. அழுகை வந்தது. இந்தக் கையை எடுத்துவிடுவானோ என்ற பயத்தில் அவள் அதை விழுங்கினாள்.

"என்னைக்கு மூணாந் தண்ணி?" என்று கேட்டான் கொம்பையா. "வீட்டுக்கு வரணும்போல இருக்கு உலகு. ஷெட்டுல படுக்கப் பிடிக்கல."

"ஊத்துவாங்க. இன்னும் நாளிருக்கு," என்றாள்.

மிச்சத்தை அவள் ஜன்னலுக்குக் கீழே குடம் வைத்துவிட்டு நின்ற பெண்களிடமிருந்து தெரிந்துகொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து அவர்கள் பேசினார்கள். ஷெட்டு, முன்சீட்டு, நெஞ்சின்மேல் கை, அழாமல் எரித்தது, பூசாரி சொன்னது, மூணாந் தண்ணி ஊற்றினால் சேதி சொல்ல வேண்டும், சொன்னால் அழுவாள், அழுதால் அவன் போய்விடுவான். எல்லாம் கேட்டாள். கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். நான்தானே பாயைத் தூக்கி எறிந்தேன், நான்தானே போ போ என்று விரட்டினேன், வீட்டில் படுத்திருந்தால் முனகின சத்தமாவது என் காதில் விழுந்திருக்குமே என்று மனசு போட்டு அறுத்தது. அந்த விடிகாலையில், நெஞ்சு வலித்தபோது, அவர் என்னைக் கூப்பிட்டாரா? கூப்பிட்டு, நான் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டே போனாரா? இந்த ஒரு கேள்விதான் அவளை அம்மையைவிடப் பொல்லாததாக அரித்தது. அதைக் கேட்கவும் முடியாது. கேட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

முத்து வாடியது, பொருக்குக் கட்டியது. ஒன்பதாம் நாள் முதல் தண்ணீர் ஊற்றினார்கள், பதினோராம் நாள் இரண்டாம் தண்ணீர் ஊற்றினார்கள். சுகாதார நர்ஸ் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இது வைரஸ்தாம்மா, பொருக்குக் கட்டிட்டா ஒட்டாது, எல்லாம் சரியாப் போச்சு, நல்லாக் குளிச்சு நல்லாச் சாப்பிட்டு வேலைக்குப் போங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். பதின்மூன்றாம் நாள் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு அண்டாத் தண்ணீரை வெயிலில் வைத்துவிட்டுக் கோமதி வந்து கூப்பிட்டபோது, உலகம்மாள் முழங்கையைக் காட்டினாள். இரண்டு புது முத்து, சிவக்கச் சிவக்க.

"எனக்கு இன்னும் எறங்க மனசு வரல," என்றாள், அம்மன் குரலில்.

கோமதி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அண்டாத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள்.

அது முத்தல்ல. பொருக்கு உதிர்ந்த இடத்தை நகத்தால் கீறிக் கீறி அவள் உண்டாக்கியது. மறு செவ்வாய்க்கும் அப்படியே செய்தாள், அதற்கடுத்த வெள்ளிக்கும் செய்தாள். ஆறவிட்டால் புருஷன் போய்விடுவான் என்று உடம்பை ஆறவிடாமல் பார்த்துக்கொண்டாள். தெருவிலும் யாரும் துருவிக் கேட்கவில்லை. தாயி சொல்லிட்டா என்றார்கள், அம்மாவை அவசரப்படுத்தலாமா என்றார்கள், இருபது குடத்தை நிரப்பிக்கொண்டார்கள். சாயந்திரம் நாலு மணிக்கு ஜன்னலில் கை வரும். அவள் கன்னத்தை அதில் வைத்துக்கொள்வாள். அவன் அன்றைக்கு எந்தக் கிணற்றுக்குப் போனான், எங்கே லாரி சேற்றில் மாட்டியது என்று சொல்வான். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு பேசியதில்லை. அவள் அந்த நாட்களில் சந்தோஷமாகத்தான் இருந்தாள், மறைப்பானேன்.

ஆனால் தண்ணீர் என்றால் எந்த ஊரில்தான் ஆசை அடங்கும்? பக்கத்துத் தெருவிலிருந்து குடங்கள் வந்தன, பிறகு அதற்கடுத்த தெருவிலிருந்து வந்தன, கல்யாண மண்டபத்துக்குக் கேட்டார்கள், செங்கல் சூளைக்குக் கேட்டார்கள். இல்லை என்று சொல்லத் தெரியாத கொம்பையா போய்க்கொண்டே இருந்தான், வந்துகொண்டே இருந்தான். சட்டை நிறம் வெளுத்தது. குரல் தணிந்தது. முதலில் டீக்கடைக்காரரின் பேர் மறந்தது. பிறகு ஷெட்டுக்கு வழி மறந்து, லாரி இரண்டு நாள் தெருமுக்கிலேயே நின்றது. ஒருநாள் ஜன்னலுக்கு வந்து, அண்ணனின் பேரை உலகம்மாளிடம் கேட்டான். அவள் சொன்னாள். இன்னொரு நாள் அதையே திரும்பக் கேட்டான்.

முப்பத்தெட்டாம் நாள் நாலு மணிக்கு உலகம்மாள் ஜன்னலில் கன்னத்தை வைத்துக் காத்திருந்தாள். கொம்பையா வந்தான். ஜன்னலை விட்டு நாலடி தள்ளி நின்றான். ஹோஸ் தோளில் இருந்தது. அவளைப் பார்த்தான், எல்லா வீட்டுப் பெண்களையும் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"கொடம் எத்தனை தாயி?" என்று கேட்டான்.

உலகம்மாள் கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள். "நான் உலகுங்க," என்றாள்.

அவன் யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான். "ஆமா," என்றான் கடைசியில், தலையைச் சொறிந்துகொண்டே. "உலகு. மூணாந் தண்ணி என்னைக்கு? நான் எங்கயோ வீட்டுக்குப் போகணுமே."

அவன் போன பிறகு அவள் நகத்தைப் பார்த்தாள். நகக்கண்ணில் தன் ரத்தமே காய்ந்திருந்தது. சாவு ஒரேயடியாகக் கொண்டுபோயிருக்க வேண்டியவனை, தானே சில்லறை சில்லறையாகத் தொலைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. இன்னும் பத்து நாள் போனால் லாரி வரும், தண்ணீர் வரும், ஹோஸ் பிடிக்க ஒரு ஆள் வருவான், அவன் கொம்பையாவாக இருக்க மாட்டான்.

கஞ்சி கொண்டுவந்த கோமதியிடம், "அக்கா, நாளைக்கு வெள்ளிக்கெழம. எனக்கு மூணாந் தண்ணி ஊத்திருங்க," என்றாள்.

"கையில முத்து இன்னும் காயலியே தாயி."

"அது முத்து இல்லக்கா. நான் கீறினது."

கோமதி கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள். "தெரியும்," என்றாள். "அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் கண்ண மூடிக்கிட்டேன். எங்க வீட்டுல மூணு பொம்பளப் பிள்ளைங்க, தலைக்கு ஊத்தத் தண்ணியில்லாம கெடந்தாளுக. கும்பிட்டுட்டுப் போயிட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்." சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. பழக்கத்தில் சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்தாள். "உனக்குத் தெரியுமா? கொம்பையா..."

"தெரியும். அழாதீங்கக்கா. முக்குலதான் நிக்காரு, அவருக்குக் கேட்டுரும்."

விஷயம் தெருவுக்குப் போயிற்று. விடிந்ததும் ஏழெட்டுப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். யாருக்கும் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. கடைசியில் முருங்கைக் கன்று வைத்தவள், "இந்த வெயில் மட்டும் கழியட்டுமே தாயி. ஆனி பொறந்தா மழை வந்துரும்," என்றாள்.

உலகம்மாள் கத்தவில்லை. "உங்க வீட்டு ஆம்பளைங்க பொழுது சாஞ்சா வீட்டுக்கு வாராங்க," என்றாள். "எங்க வீட்டு ஆம்பளை ஒரு மாசத்துக்கு மேல வாசல்லயே நிக்காரு. அண்டாவை வெயில்ல வைங்க."

அம்மன் வாக்கு. வைத்தார்கள். அந்தத் தண்ணீரையும் கொம்பையாவின் லாரியில்தான் பிடித்தார்கள்; அவன்தான் ஹோஸை அண்டாவுக்குள் விட்டான். சூடு ஏறியதும் மஞ்சளும் வேப்பிலையும் மிதக்க மூன்று பெண்கள் சேர்ந்து உலகம்மாளின் தலையில் ஊற்றினார்கள். பிறகு நிலையில் தொங்கிய வேப்பிலையைக் கழற்றினார்கள். அவள் ஈரத் தலையை முடிந்துகொண்டு அடுப்பைப் பற்றவைத்து, நாற்பது நாளில் முதல்முறையாக எண்ணெய் காயவைத்துக் கடுகைப் போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு தாளித்த வாசம் தெருமுக்குவரைக்கும் போயிற்று. குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

உலகம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க," என்று கூப்பிட்டாள். "உள்ள வாங்க."

கொம்பையா திரும்பினான். குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடினான். பிறகு அவன் முகத்தில் ஏதோ திறந்துகொண்டது. ஹோஸை அப்படியே கோமதியின் குடத்துக்குள் விட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விறுவிறுவென்று வந்தான். வாசற்படியில் மட்டும் ஒரு நிமிஷம் தயங்கினான்.

"மூணு தண்ணியும் ஆச்சா?"

"ஆச்சு."

"அப்ப ஒட்டாதுல்ல?"

"ஒட்டாது. வாங்க."

இலை போட்டுச் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், எதிரில் உட்கார்ந்தாள். கொம்பையா வீட்டைச் சுற்றிப் பார்த்தான். ஒவ்வொன்றாக அடையாளம் தெரிந்தது போலத் தலையை ஆட்டிக்கொண்டான். சோற்றில் கை வைத்தான். கையை எடுத்தான்.

"நல்ல வாசமா இருக்கு உலகு. ஆனா பசியே இல்ல. ஏன்னு தெரியல."

"ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நீங்க செத்துப் போயிட்டீங்க."

கொம்பையா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எப்ப?"

"நான் படுத்த நாலாம் நாளு. ஷெட்டுல."

"அதான் டீ எறங்கலியா," என்றான். "கொள்ளி யாரு வச்சா?"

"உங்க அண்ணன்."

"அவன் பேரு..."

"சுப்பையா."

"ஆமா, சுப்பையா. நீ அழுதியா உலகு?"

"இல்ல. முதல்ல யாரும் சொல்லல. தெரிஞ்ச பெறகு நானே அழல. அழுதா நீங்க போயிருவீங்கன்னு சொன்னாங்க."

"அடிப் பாவி," என்றான் கொம்பையா. கோபமில்லை, அவ்வளவு பிரியத்தோடு சொன்னான். "அத்தனையும் உள்ளயே வச்சுக்கிட்டா இருந்த?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. உலகம்மாள் தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அன்னைக்கு, வலி வந்தப்ப, என்னையக் கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன்."

அவள் தரையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"நீதான் வந்தியே," என்றான் கொம்பையா, இவள் ஏன் இதைக் கேட்கிறாள் என்பதுபோல. "வேப்பிலை வாசத்தோட வந்து ஸ்டியரிங் பக்கத்துல உக்காந்து நெஞ்சைத் தடவி விட்டியே. ஒட்டிக்கிடும் போளான்னு நான் வெரட்டினேன். நீ கேக்கல. பெறகு வலி விட்டுப்போச்சு."

அந்த விடிகாலையில் உலகம்மாள் எங்கும் போகவில்லை. நூற்று நாலு டிகிரி காய்ச்சலில், எழுந்து ஒரு வாய் தண்ணீர் எடுக்கத் தெம்பில்லாமல், இந்தச் சுவரோரம்தான் கிடந்தாள். அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள். "வந்தேன்."

கொம்பையா தலையை ஆட்டினான். "போதும்," என்றான்.

அப்புறம் உலகம்மாள் வாயைத் திறந்து அழுதாள். ஐயோ என்று எழுந்த அந்தக் குரல் கூரையைத் தாண்டித் தெருவைத் தாண்டி ஷெட்டுவரைக்கும் கேட்டது. என் ராசா என்றாள், என்னைப் பெத்த மவராசா என்றாள், பாயைத் தூக்கி எறிஞ்ச பாவி நானில்லையா என்றாள். தலையில் அடித்துக்கொண்டு அவள் குனிந்து நிமிர்ந்தபோது எதிரில் இலை இருந்தது, சோறு வைத்தது வைத்தபடி இருந்தது.

தெருமுக்கில் முதலில் கோமதிதான் குடத்தைக் கீழே வைத்தாள். ஒரு மாசத்துக்கு மேலாக அடைத்து வைத்திருந்த ஒப்பாரி அவள் வாயிலிருந்து வெடித்துக்கொண்டு வந்தது. அடுத்தவள் வைத்தாள், அதற்கடுத்தவள் வைத்தாள், வரிசையே கலைந்து, முந்தானையை அவிழ்த்து மாரில் அடித்துக்கொண்டு எல்லோரும் உலகம்மாளின் வீட்டுக்குள் ஓடினார்கள். ஓடி, அவளைக் கட்டிக்கொண்டு விழுந்தார்கள். அவளை ஒருவர் கட்டிப் பிடித்து நாற்பது நாளாயிற்று. வெளியே லாரியின் ஹோஸ் தரையில் கிடந்து பொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடங்களைச் சாய்த்துக்கொண்டு தெரு முழுக்க ஓடியது. யாரும் போய் அடைக்கவில்லை.